கன்சினிற்றி: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

'கன்சினிற்றி' என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் 'ஹார்மனி'க்கு ஒத்த சொல்லாகக் கண்டதும், அம்பாறைப் பக்கம் மொழிபெயர்க்க உட்காருபவருக்கு 'இன நல்லிணக்கம்' நினைவுக்கு வரும். அந்தத் தொடருக்கு இதைப் போடாதீர்கள். மனிதர் ஒத்துப்போவதை இச்சொல் சுட்டாது. ஒன்றின் உறுப்புகள் அளவாகப் பொருந்தி நிற்கும் அழகை, குறிப்பாக எழுத்து நடையின் செப்பத்தைச் சுட்டும். நல்லிணக்கத்துக்கு ஹார்மனியே போதும்.

எழுத்துகள்: சி, ஓ, என், சி, ஐ, என், என், ஐ, ரி, வை. நடுவில் 'என்' இரண்டு. ஒன்றை விழுங்கிவிட வேண்டாம். சொல்லும்போது அழுத்தம் 'சி'யில் விழ வேண்டும்.

வேர் லத்தீன். 'கொன்கின்னுஸ்' என்றால் நேர்த்தியாக அமைந்தது. அதில் பிறந்த 'கொன்கின்னிதாஸ்' என்ற சொல்லை வாக்கிய உறுப்புகள் சமனாக நிற்பதற்கு ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஆண்டார். ஆங்கிலத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். சேர்ந்து பாடுவதைக் குறிக்கும் 'கொன்கினெரே' ஒலியில் நெருங்கி நிற்பதால் இதை இசைச்சொல் என்று எழுதிவிடுவது எளிது. அது வேறு வினை. ஹார்மனியே கிரேக்கத்தில் தச்சர் சொல்லாகவும் இருந்தது: ஹோமரின் ஒடிசியில் தெப்பத்தின் மரங்களைப் பிணைக்கும் இணைப்புக்கு அது வருகிறது.

ஒரு வாக்கியத்துக்கு இந்தப் பண்பு உண்டா என்று சோதிக்க அதன் உறுப்புகளை அடுக்கிப் பாருங்கள். 'வாவியில் வலை, வயலில் கலப்பை, வீட்டில் தறி': மூன்றும் இடம், கருவி என்ற ஒரே வார்ப்பு. 'வாவியில் வலை வீசுவார்கள், வயலில் கலப்பை, தறியும் உண்டு' என்றால் பொருள் மாறவில்லை, கன்சினிற்றி போய்விட்டது. கட்டடக்கலை நூலில் இத்தாலிய மறுமலர்ச்சிக்காலக் கட்டடக் கலைஞர் அல்பேர்ட்டி சொன்ன அளவுகோல் இன்னும் கறாரானது: எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாற்றினாலும் அழகு கெட வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் ஒரு கோட்டை நீக்கினால் கண் உறுத்துமா என்று பாருங்கள். உறுத்தினால் சொல் பொருந்தும்.

தமிழில் 'இயைபு' என்று போடத் தோன்றும். யாப்பு படித்தவருக்கு அது அடியிறுதி ஒன்றிவரும் தொடை, ஆகவே குழப்பும். உரைநடைக்கு 'நடைச்செப்பம்', பொருள்களுக்கு 'அமைப்புப் பொருத்தம்' என்று பிரித்து வைப்பது நல்லது. எதிர்ச்சொல் வேண்டுமானால் ஆங்கிலச் சொல்லின் முன்னால் 'இன்' சேர்த்தால் போதும். விமர்சனக் கட்டுரையில் ஒருமுறை வரலாம். விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாம், வாசிப்பவர் அகராதி தேட மாட்டார்.