கவுண்டி அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் வாங்கும் முறை

கலிஃபோர்னியாவில் ஒருவர் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) காலமானாரோ அந்தக் கவுண்டியில்தான் அவருடைய இறப்பு பதிவாகும். குடியிருந்த வீடு எங்கே என்பதற்கு இங்கே வேலையில்லை. ஃப்ரீமான்டில் மகன் வீட்டில் இருந்த அம்மா பாலோ ஆல்டோவில் ஒரு மருத்துவமனையில் இறந்தால், சான்றிதழ் சாண்டா கிளாரா கவுண்டியில் இருக்கும். அலமேடா கவுண்டி அலுவலகத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கிடைக்காது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் துக்கம் நேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாக இந்த அலுவலகங்களுக்குப் போய்வருகிறவள் நான். துக்கத்தில் இருப்பவர்களை ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு அலையவிடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சரியான கவுண்டி எதுவென்று தெரிந்த பிறகும் சரியான அலுவலகம் எதுவென்று பார்க்க வேண்டும். அண்மையில் நிகழ்ந்த இறப்பென்றால் கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறையில் உள்ள பதிவுப் பிரிவு கொடுக்கும். சில காலம் கழிந்துவிட்டால், கவுண்டியின் ஆவணங்களைப் பதிந்து வைக்கும் கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெர்க்லி, லாங் பீச், பாசடீனா ஆகிய நகரங்களுக்குச் சொந்தச் சுகாதாரத் துறை உண்டு. அங்கே நிகழ்ந்த அண்மைக்கால இறப்புகளுக்கு முதலில் அந்த நகர அலுவலகத்தைக் கேளுங்கள். புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் இரண்டே கேள்விகள் போதும்: இந்தத் தேதி இறப்பு உங்களிடம் இருக்கிறதா, பதிவு முடிந்துவிட்டதா? பதிவு முடியாமல் யாராலும் நகல் தர முடியாது.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயம். கவுண்டி அலுவலகம் இந்தச் சான்றிதழை எழுதுவதில்லை. இறந்தவரைப் பற்றிய விவரங்களைக் குடும்பத்திடம் கேட்டு நிரப்புவது, இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் நிறுவனமான ஃப்யூனரல் ஹோம். இறப்பின் காரணத்தை எழுதிக் கையொப்பமிடுவது மருத்துவர். சட்டப்படி இறப்பு நிகழ்ந்த 8 நாள்களுக்குள், தகனத்துக்கோ அடக்கத்துக்கோ முன்பாக, பதிவு நடந்தாக வேண்டும். ஆகவே ஃப்யூனரல் ஹோமில் உங்களிடம் நீட்டப்படும் விவரப் படிவம்தான் பின்னால் சான்றிதழாகிறது. இரவெல்லாம் கண்விழித்து, அழுது ஓய்ந்த நேரத்தில் அதை நிரப்பச் சொல்வார்கள். அந்தப் பொறுப்பைக் குடும்பத்தில் நிதானமாக இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

நம் பெயர்கள்தான் பெரிய சிக்கல். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். படிவம் கேட்பது முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் குடும்பப்பெயராக இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும், நிலப் பத்திரத்தில் ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். பெயருக்கான முதன்மை இடத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். கலிஃபோர்னியச் சான்றிதழில், இறந்தவர் வேறு பெயரிலும் அறியப்பட்டிருந்தால் அதைக் குறிக்கத் தனிக் கட்டம் உண்டு. வங்கியிலும் பத்திரத்திலும் இருக்கும் வடிவத்தை அந்தக் கட்டத்தில் சேர்க்கக் கேளுங்கள். குடும்பம் கேட்காவிட்டால் அது பெரும்பாலும் வெறுமையாகவே போய்விடும். இரண்டு பெயரும் ஒருவருடையவைதான் என்று பின்னால் ஊரில் நிரூபிக்க வேண்டிய பாடு இந்த ஒரு வரியால் வெகுவாகக் குறையும்.

தாயாரின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரையும் கேட்பார்கள். அப்படியொன்று நம்மில் பலருக்குக் கிடையாது. தாயாரின் தகப்பனார் பெயரை அந்த இடத்தில் எழுதுவது வழக்கம். எதை எழுதினாலும் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும். தேதியில் இங்கே மாதம் முன்னால் வரும், ஆகவே ஜூலை 4 என்பது ஏப்ரல் 7 ஆகிவிடாமல் பாருங்கள். வாழ்க்கைத்துணையின் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கட்டும். குடும்ப ஓய்வூதியம் அந்த வரியைத்தான் பார்க்கும். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோரென்றால் வசிப்பிடம் என்ற இடத்தில் ஊர் முகவரியை எழுத வேண்டும், பிள்ளை வீட்டு முகவரியை அல்ல. பதிவுக்கு அனுப்பும் முன் வரைவை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

பதிவான பிறகு பிழை தெரிந்தால் என்ன ஆகும்? கவுண்டரில் இருப்பவர் அழித்து எழுத முடியாது. திருத்தத்துக்கென்று உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அது மாநிலப் பதிவு அலுவலகத்துக்குப் போய் வர நாளாகும். வந்த பிறகும் பழைய பக்கம் அப்படியே இருக்க, திருத்தம் இரண்டாம் பக்கமாகச் சேரும். இரண்டு பக்கம் கொண்ட சான்றிதழை ஊரில் ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்க வேண்டியிருக்கும். இறப்பின் காரணத்தில் மாற்றம் வேண்டுமானால் மருத்துவரோ கொரோனரோதான் (திடீர் மரணங்களை விசாரிக்கும் கவுண்டி அதிகாரி) அதைச் செய்ய முடியும்.

நகலில் இரண்டு வகை உண்டு. ஒன்று உரிமையுள்ள உறவினருக்குத் தருவது. மற்றது யார் கேட்டாலும் தரும் தகவல் நகல். அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். வங்கிக்கும் காப்பீட்டுக்கும் முதல் வகைதான் வேண்டும். பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், உடன்பிறந்தார், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர் அதைக் கேட்கலாம். வழக்கறிஞர், சொத்துப் பொறுப்பாளர், ஃப்யூனரல் ஹோம் போன்றோருக்கும் வழி உண்டு. மருமகனும் மருமகளும் அந்த உறவுப் பட்டியலில் இல்லை. மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருமகள் விண்ணப்பத்தோடு போய் நிற்பாள், உரிமையில்லை என்பார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் விதி அதுதான். மகனோ மகளோ கையொப்பமிடட்டும்.

நேரில் போனால் புகைப்பட அடையாள அட்டையோடு போங்கள். பொய் சொன்னால் தண்டனைக்குரியது என்ற உறுதிமொழியில் அலுவலரின் முன் கையெழுத்துப் போட வேண்டும். முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். தபாலில் அனுப்பினால் அதே உறுதிமொழிக்கு நோட்டரி முத்திரை வேண்டும். அது இல்லாமல் போகும் விண்ணப்பம் திரும்பி வரும். இணையத்தில் கேட்கப் பல கவுண்டிகள் வைட்டல்செக் நிறுவனத்தைப் பயன்படுத்துகின்றன, அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அரசுத் தளம்போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் உலவுகின்றன. ஆகவே கவுண்டியின் சொந்தத் தளத்திலிருந்தே உள்ளே போங்கள். முதல் தொகுதி நகல்களை ஃப்யூனரல் ஹோமே வாங்கித் தந்துவிடும். அவசரத்தில் இருப்பவர்களுக்கு அதுவே எளிது.

எத்தனை நகல் வேண்டும் என்பதை அசலைக் கேட்கும் இடங்களை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆயுள் காப்பீட்டுக்கும் ஒன்று, ஓய்வூதியச் சேமிப்புக்கு ஒன்று, வீட்டுப் பத்திரத்தில் பெயர் நீக்க ஒன்று, வங்கிக்கு ஒன்று. கடன் அட்டை, தொலைபேசி, மின்சாரம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஒளிநகல் போதும். கலிஃபோர்னியாவில் ஒரு நகல் ஏறத்தாழ 25 டாலர், எத்தனை வாங்கினாலும் அதே விலை. டெக்சாஸில் முதல் நகலுக்கு 20 டாலர் அளவில் இருக்கும். உடன் வாங்கும் அடுத்தடுத்த நகல்களுக்குச் சில டாலர்தான், ஆகவே அங்கே ஒரே தடவையில் வாங்குவது லாபம்.

ஊர்க் காரியங்களுக்கு இரண்டு நகல்களைத் தனியாக எடுத்து வைத்து, அவற்றுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்கும் அரசுச் சான்று, பெறுங்கள். இந்த முத்திரையை ஏற்கும் பன்னாட்டு உடன்படிக்கை 2005 முதல் இந்தியாவிலும் நடைமுறையில் இருப்பதால், அது இருந்தால் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படாது. கலிஃபோர்னியாவில் மாநிலச் செயலர் அலுவலகம் சாக்ரமெண்டோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இதைச் செய்கிறது, முத்திரை ஒன்றுக்கு 20 டாலர். சான்றிதழில் கையொப்பமிட்டவர் யார் என்பதை அவர்கள் பார்ப்பார்கள். சுகாதார அலுவலர் கையொப்பமிட்டிருந்தால், கவுண்டி கிளார்க்கின் சான்றொப்பம் முதலில் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். முத்திரைத் தாளைச் சான்றிதழோடு இணைத்திருக்கும் ஸ்டேப்ளர் பின்னை எக்காரணத்துக்கும் கழற்றாதீர்கள், ஒளிநகல் எடுப்பதற்குக்கூட. அசலை லேமினேட் செய்யவும் வேண்டாம். பட்டா மாற்றத்துக்கும், எல்.ஐ.சி.க்கும், வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கவும் இந்த நகல்கள்தான் போக வேண்டும். இறந்தவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ரத்து செய்யவும், அஸ்தியை ஊருக்கு எடுத்துச் செல்லவும் இன்னொரு நகலைக் கையில் வைத்திருங்கள்.

விபத்தோ எதிர்பாராத மரணமோ என்றால் வழக்கு கொரோனரிடம் போகும். ஆய்வு முடியும்வரை இறப்பின் காரணம் நிலுவையில் என்று குறித்தே சான்றிதழ் வரும். தகனத்துக்கும் வங்கிக் கணக்கை முடக்குவதற்கும் பொதுவாக அதுவே போதும். காப்பீட்டு நிறுவனம் இறுதிக் காரணம் வரும்வரை காத்திருக்கச் சொல்லலாம். அப்படிப்பட்ட நிலையில் இரண்டு மூன்று நகல் மட்டும் இப்போது வாங்குங்கள், மீதியைத் திருத்தம் பதிவான பிறகு வாங்கலாம். கொரோனர் அலுவலகத்தில் வழக்கு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை விசாரிக்கும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.