நெஞ்சுவலி நோயாளியின் ரத்த உறைவு ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

மாரடைப்பா இல்லையா என்பதை, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பிடியும் ஏபிடிடியும், பிடியை எல்லா லேபுக்கும் ஒப்பிடும்படி மாற்றிய எண்ணான ஐஎன்ஆரும் சொல்லாது. அதற்கு ஈசிஜியும் இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது, ஹெபாரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்தைக் கொடுத்தால் ஆபத்து உண்டா என்பதற்குத்தான் உறைவுப் பரிசோதனை. ஈசிஜியில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்துவிட்டால், இந்த ரிப்போர்ட் வரட்டும் என்று ஆஞ்சியோவைத் தள்ளிப்போடக் கூடாது.

பெரும்பாலான லேப்களில் பிடி 11 முதல் 13.5 விநாடி, ஐஎன்ஆர் 0.8 முதல் 1.2, ஏபிடிடி 25 முதல் 35 விநாடி வரை இயல்பு. லேபுக்கு லேப் இது மாறும் என்பதால் ரிப்போர்ட்டில் அச்சிட்ட வரம்போடுதான் ஒப்பிட வேண்டும்.

எண் கூடியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டியூபை. நீல மூடி டியூபில் ரத்தம் உறையாமல் வைக்கும் 3.2% சிட்ரேட் இருக்கிறது; 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு என்பது கணக்கு. குறிக்குக் கீழே ரத்தம் நின்றால் மிஞ்சிய சிட்ரேட், பரிசோதனையில் சேர்க்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உறையும் நேரம் பொய்யாக நீளும். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 55 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு டியூப் நிறைந்திருந்தாலும் இதே கதைதான், பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) குறைவாக இருப்பதால். ஹெபாரின் ஓடிய லைனிலிருந்து எடுத்த சாம்பிளில் ஏபிடிடி எக்கச்சக்கமாக ஏறிவிடும். அவசர நேரத்தில் அடிக்கடி நடக்கிற தவறு இது. மற்றக் கையில் புதிதாகக் குத்தி, குறி வரை நிரப்பி, மெதுவாகச் சில முறை கவிழ்த்து, மறுபடி அனுப்புங்கள்.

அடுத்து மருந்துப் பட்டியல். வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை ஐஎன்ஆரை ஏற்றும். அதைச் சாப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருப்பதே இலக்கு, ஆகவே அவர்களுக்கு 2.5 என்பது கோளாறு அல்ல. ஊசியாகப் போடும் சாதாரண ஹெபாரின் ஏபிடிடியை நீட்டும். ஹெபாரினின் இன்னொரு வகையான ஈனாக்சபாரின் அவ்வளவாக நீட்டாது. ஏபிக்சபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குப் பிடியும் ஏபிடிடியும் இயல்பாகவே வரலாம். அதை வைத்து உடலில் மருந்து இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் இந்த எண்களைத் தொடுவதே இல்லை.

டியூபிலும் மருந்திலும் பழி இல்லையென்றால், எது நீண்டிருக்கிறது என்று பாருங்கள். பிடி மட்டும் என்றால் கல்லீரல் நோய், வைட்டமின் கே குறைவு, ஏழாம் காரணிக் குறைவு (காரணிகள் என்பவை ரத்தத்தை உறைய வைக்கும், எண்ணிட்ட புரதங்கள்). ஏபிடிடி மட்டும் என்றால் 8, 9, 11, 12 காரணிகளில் ஏதோ ஒன்று குறைவு, அல்லது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற எதிர்ப்புப்பொருள். இரண்டும் நீண்டு, தட்டணுவும் (பிளேட்லெட்) உறைவுப் புரதமான ஃபைப்ரினோஜனும் சரிந்து, ரத்தக் கட்டி கரைவதைக் காட்டும் டி-டைமர் எகிறியிருந்தால் டிஐசி, அதாவது உடலெங்கும் உறைவு தாறுமாறாவது; தாமதிக்க நேரமில்லை.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பலரை ஏமாற்றும். டியூபில் ரத்தம் உறையத் தாமதிக்கும், உடலிலோ ரத்தக் கட்டி உண்டாகும் போக்கு அதிகம். ‘ஏபிடிடி 50, ரத்தம் கசியும்’ என்று பயந்து ஹெபாரினை மறுத்தால், தேவைப்பட்டவருக்கே மறுத்ததாகிவிடும். கண்டுபிடிக்க வழி, நோயாளியின் பிளாஸ்மாவோடு இயல்பான பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து பார்ப்பது. நேரம் இயல்புக்குத் திரும்பினால் காரணிக் குறைவு, திரும்பாவிட்டால் உறைவைத் தடுக்கும் பொருள், அதாவது தடுப்பான்; லூபஸும் அதில் ஒன்று. எட்டாம் காரணித் தடுப்பான் உடனே காட்டாது. 37 டிகிரியில் 1 முதல் 2 மணி நேரம் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். லூபஸ் என்று வந்தால் 12 வாரம் கழித்து உறுதிசெய்தாக வேண்டும். 12ஆம் காரணிக் குறைவு ஏபிடிடியை நீட்டுமே தவிர, ரத்தக்கசிவைத் தராது.

டி-டைமரின் பலம் ‘இல்லை’ என்று சொல்வதில்தான். நுரையீரல் தமனியில் ரத்தக் கட்டி இருக்கும் வாய்ப்பு குறைவென்று மருத்துவர் கணித்தவருக்கு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமுக்குக் கீழ் வந்தால் அந்தச் சந்தேகத்தை விடலாம். 50 வயது தாண்டினால் அந்த வரம்புக்குப் பதில் வயதை 10-ஆல் பெருக்குங்கள்: 78 வயதுக்கு 780. இது எஃப்இயூ என்ற அலகுக்கு; டிடியூ என்ற மற்றொரு அலகில் எண் ஏறத்தாழ பாதி, அலகைப் பார்க்காமல் படித்தால் தப்பாகும். கர்ப்பம், தொற்று, புற்றுநோய், அண்மை அறுவை சிகிச்சை எல்லாமே இதை ஏற்றும். வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறவருக்கு டி-டைமரே வேண்டாம், நேராக சிடி ஆஞ்சியோகிராம். முதுகுக்குப் பாயும் கிழிக்கிற வலி, இரு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறு என்றால் பெருந்தமனி கிழிவை நினையுங்கள். அது இல்லை என்று தெரியும் வரை ஹெபாரின் கூடாது.

ஹெபாரின் தொடங்கிய 5 முதல் 10 நாளில் தட்டணு பாதியாகக் குறைந்தால் ஹெபாரினை நிறுத்தி வேறு வகை மருந்துக்கு மாற்ற வேண்டும். அங்கும் ஆபத்து கசிவைவிட ரத்தக் கட்டியால்தான்.