பாலைவனக் கரையில் வேக விண்ட்சர்ஃபிங்: பெட்டி கட்டும்போதே தொடங்கும் தவறுகள்

நமீப் பாலைவனம் அட்லாண்டிக் கடலைத் தொடும் கரையில், நமீபியாவின் தென்மேற்கில், லூடெரிட்ஸ் என்ற சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. அங்கு விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையால் நீரில் விரையும் விளையாட்டு) வேக ஓட்டத்திற்கென்றே வெட்டப்பட்ட கால்வாயில், 2015ஆம் ஆண்டு பிரான்ஸ் வீரர் அன்ட்வான் அல்போ 500 மீட்டர் தூரத்தைச் சராசரியாக 53.27 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 98 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கடந்தார். அந்த எண்ணால் ஈர்க்கப்பட்டு அங்கே செல்கிறவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை பயணம் தொடங்கும் முன்பே நேர்ந்துவிடுகின்றன.

பாலைவனம் என்றதும் வெயிலுக்கு மட்டும் ஆயத்தமாவது அவற்றில் முதன்மையானது. தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா குளிர் நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டியே ஓடுகிறது. மழையைத் தடுத்து நிலத்தைப் பாலையாக்குவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. குளிர்ந்த கடலுக்கும் கொதிக்கும் மணலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டால் காற்றை வலுப்படுத்துவதும் அதுவே. ஆகவே வெயில் முகத்தைச் சுட்டாலும், நனைந்த உடலோடு பலத்த காற்றில் தன் முறைக்காகக் காத்து நிற்பவருக்குக் கை விறைத்து, பாயைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிக் குழாயான பூமைப் பிடிக்க முடியாமல் போகும். உடல் வெப்பத்தைக் காக்கும் தடிமனான ரப்பர் உடையான வெட்சூட்டும், காத்திருக்கும்போது மேலே அணியக் காற்றுப்புகா அங்கியும் இல்லாமல் போகக் கூடாது.

அடுத்தது, பழகாத கருவியோடு போய் இறங்குவது. வேகப் பலகையின் அகலம் நாற்பது சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். ஓட்டம் நின்றால் ஆளோடு அமிழ்ந்துவிடும். அதில் ஏறி நிற்கும் பழக்கத்தைச் சாதாரணக் காற்றில் பெறாதவர், 40 நாட் வேகத்தைத் தாண்டும் காற்றில் அதைப் பெற முடியாது. இன்னொன்றும் உண்டு: கால்வாயில் ஒரே திசையில்தான் ஓடுகிறார்கள் என்பதால், பலகையின் அடியில் நிற்கும் தகடான ஃபின்னில், ஒரு பக்கத்திற்கு மட்டும் வடிவமைத்ததைப் பலர் பொருத்துகிறார்கள். எந்தப் பக்கம் என்று உறுதி செய்யாமல் வாங்கினால் அது அங்கே பயன்படாது.

இவை எல்லாவற்றையும்விட மணலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாயைத் தாங்கும் கம்பமான மாஸ்டின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்திலும், அடியில் செருகும் நீட்டிப்புக் குழாயிலும் நுண்மணல் புகுந்து உப்போடு இறுகிவிட்டால், இரண்டு பேர் இரு முனைகளைப் பிடித்து முறுக்கினாலும் அவை பிரியாது. ஊர் திரும்பும் நாளில் நான்கு மீட்டர் நீளமுள்ள கம்பத்தோடு நிற்க நேரும். சேரும் விளிம்பை நன்கு துடைத்துவிட்டுச் செருகி, மேலே ஒட்டுநாடாவைச் சுற்ற வேண்டும். மாலையில் கழற்றி நன்னீரில் கழுவ வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லாமல் கரையில் நிற்பதும், பாயை மணலில் இழுத்துச் செல்வதும் இதே கவனக்குறைவில் சேரும்.

தண்ணீரில் ஆபத்தானது, விழுவதைப் பற்றி நினைக்காமல் ஓடுவது. கால்வாய் குறுகலானது, ஆழம் குறைந்தது. கரையோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஹெல்மெட்டும் மோதலைத் தாங்கும் அங்கியும் கட்டாயம். முடிவுக் கோட்டைக் கடந்த பின் எப்படி வேகத்தைத் தணித்து நிற்பது என்பதை, முதல் ஓட்டத்திற்கு முன்பே தடத்தின் மறுமுனை வரை நடந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு வார விடுப்பு போதும் என்று கணக்கிடுவதும் தவறு. காற்றுப் பருவத்திலும் மூடுபனியோடு வெறுமனே கழியும் நாட்கள் உண்டு. அப்படிக் காத்திருக்கும் நாட்களில், வேறு நல்ல நீர்ப்பரப்பு தேடி ஊருக்கு வெளியே மனம்போனபடி வண்டி ஓட்டக் கூடாது. சுற்றியுள்ள ஸ்பெர்கெபீட் பகுதி வைரத்திற்காக 1908 முதல் தடை செய்யப்பட்ட நிலம். இப்போது தேசியப் பூங்காவாக இருந்தாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. லூடெரிட்ஸுக்கு வரும் நெடுஞ்சாலையிலும் காற்று வீசும் நாட்களில் மணல் திரண்டு பாதையை மூடும். இரவில் அது தெரியாது. நீண்ட மாஸ்ட் பையைக் கூரையில் கட்டிக்கொண்டு வருபவர் பகல் வெளிச்சத்திலேயே ஊரை அடையும்படி புறப்பட வேண்டும்.