அவ்வையார் விக்கில் ஒரு பொடிமீன்: முதல் ஃப்ளை கட்டுபவர்களுக்கு

தூண்டில் முள்ளின் மேல் இழைகளைக் கட்டி, அதைச் சின்ன மீன் போலவோ பூச்சி போலவோ ஆக்கினால் அதற்குப் பெயர் ஃப்ளை. புழு வேண்டாம், மாவு உருண்டை வேண்டாம். இன்று நாம் கட்டப்போவது பொடிமீன் ஃப்ளை. ஒரே கட்டுதான். கத்தரிக்கிற விதத்தை மாற்றினால் ஒல்லியான கெண்டைப்பொடி ஆகும், அகலமான ஜிலேபிக் குஞ்சும் ஆகும். சேலம் சுற்றுவட்டார ஏரிகளில் விராலுக்கும், காவிரியில் வாளைக்கும் இதையே போடலாம்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் இந்த மாதிரி ஃப்ளைக்கு மான்வால் முடியைக் கேட்பார்கள். பாப் கிளவுசர் என்ற அமெரிக்கர் 1987-இல் உருவாக்கிய புகழ்பெற்ற பொடிமீன் ஃப்ளைகூட மான்வால் முடியில் கட்டியதுதான். நம் நாட்டு மான்களின் முடியை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதைத் தேடிப் போகவே வேண்டாம். செயற்கை இழை நீரை உறிஞ்சாது. ஒரு உதறலில் காய்ந்துவிடும், வீசும்போது கனக்காது. ஈபி ஃபைபர் என்று இதற்காகவே விற்கும் இழை நன்றாக இருக்கும், ஆனால் விலை அதிகம். பழகுகிற கைக்கு நம் ஊர்க் கடைவீதியே போதும்.

வாங்க வேண்டியவை

வெள்ளை இழைக்கு, பள்ளி மாறுவேடப் போட்டிக்கு விற்கிறார்களே அந்த அவ்வையார் விக். விரலில் உருட்டிப் பார்த்து மெல்லிசான முடியாக வாங்குங்கள். முரட்டு முடி தண்ணீரில் அசையாமல் குச்சி மாதிரி நிற்கும். முதுகுக்குக் கொஞ்சம் கறுப்புச் சவுரி, அதுவும் நைலான் சவுரியாக இருக்கட்டும். மினுமினுப்புக்கு வெள்ளி நிற பாலியஸ்டர் ஜரிகை. எனக்கு இது அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஒரு அக்கா வீட்டிலிருந்து வருகிறது. முதல்முறை கேட்டபோது, "எதுக்குத் தம்பி, மீனுக்குப் புடவை நெய்யப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கண்டு நிறையக் கொடுத்தார். இன்றுவரை அது தீரவில்லை, ஏனென்றால் ஒரு ஃப்ளைக்கு நான்கு இழைதான் வேண்டும்.

மற்றவை: 1/0 அளவு முள், வெள்ளைத் தையல் நூல் (பாலியஸ்டர்), மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒரு முழம் மெல்லிய செம்புக்கம்பி, 40 பவுண்டு தங்கூஸ் நரம்பு, ஒட்டுக் கண்கள், ஐந்து நிமிட எபாக்ஸி பசை, பேன்சீப்பு, கூரான சின்னக் கத்தரி, மை தீர்ந்த பேனாவின் குழல். முள்ளைப் பிடிக்க மேசையில் மாட்டும் சின்ன வைஸ் ஒன்று. உடனே ஒட்டும் பசையை ஃப்ளையின் கண்ணுக்குப் போடாதீர்கள், காய்ந்ததும் சுற்றிலும் வெண்மையாகப் பூத்துவிடும்.

கட்டுவது

முள் முனைக்குப் பின்னால் துருத்தி நிற்கும் கொக்கிச்செதிலைக் குறட்டால் நசுக்கிவிட்டுத் தொடங்குங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது. வளைவுப் பகுதியை வைஸில் கவ்வி, முள்ளின் காது, அதாவது நரம்பு கோர்க்கும் ஓட்டை, வலப்பக்கம் பார்க்க வையுங்கள். காதுக்குப் பக்கத்தில் நூலைத் தொடங்கி, தண்டு வளையத் தொடங்கும் இடம் வரை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போங்கள். வெறும் தண்டில் இழை வழுக்கும், நூல் மேல் வழுக்காது.

வளைவு தொடங்கும் இடத்தில் செம்புக்கம்பியை ஆறு சுற்று சுற்றுங்கள். இழை எல்லாம் முதுகுப் பக்கம் சேர்ந்தால் ஃப்ளை பக்கவாட்டில் சாய்ந்து செத்த மீன் மாதிரி மிதக்கும். அடியில் இருக்கும் இந்தச் சிறு எடை அதை நிமிர்த்தி வைக்கும். விராலுக்கு என்றால் ஒரு சாண் தங்கூஸ் நரம்பின் ஒரு முனையை இதே இடத்தில் கட்டி, மீதியைப் பின்னால் தொங்க விடுங்கள். கடைசியில் அதை முள் முனைக்குக் கீழாக வளைத்து முன்னே கொண்டுவந்து காதுப் பக்கம் கட்டினால், பாசியும் தாமரைத் தண்டும் முள்ளில் மாட்டாது. திறந்த தண்ணீருக்கு இது தேவையில்லை.

இப்போது வால். இங்கேதான் நிதானம் வேண்டும். விக்கிலிருந்து ஒரு சிட்டிகை முடி, தீக்குச்சிக் கனம், சுமார் 12 சென்டிமீட்டர் நீளம் வெட்டுங்கள். வெட்டிய முனைகள் எல்லாம் ஒரே நேராக, துடைப்பம் மாதிரி நிற்கும். எந்த மீனின் வாலும் அப்படி முடிவதில்லை. கற்றையின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து மெல்ல இழுத்துப் பிரியுங்கள். பிரிந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறுபடி இழுங்கள். நாலைந்து தடவை செய்தால் முனைகள் ஏறி இறங்கி, நுனி காற்றில் கரைவது போல மெலிந்துவிடும். பின்னால் மூன்றில் இரண்டு பங்கும் முன்னால் ஒரு பங்கும் இருக்கும்படி வளைவு தொடங்கும் இடத்தில் கட்டி, முன்பக்கத்தைப் பின்னால் மடக்கி அதன் மேலும் நான்கு சுற்று போடுங்கள். மடக்கிக் கட்டியது பல்லுக்கும் உருவி வராது. இரு பக்கமும் இரண்டிரண்டு ஜரிகை இழை. அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம் உடல். தண்டின் அடிப்பக்கம் ஒரு வெள்ளைக் கற்றை, மேல்பக்கம் வெள்ளையோடு நாலு முடி கறுப்புச் சவுரி கலந்த ஒரு கற்றை. இரண்டையும் வால் மாதிரியே மடக்கிக் கட்டி, கொஞ்சம் முன்னே நகர்ந்து அடுத்த ஜோடி, பிறகு இன்னொரு ஜோடி. மொத்தம் மூன்று ஜோடி. முன்னே போகப் போகக் கற்றையின் நீளத்தைக் குறையுங்கள், கனத்தையும் குறையுங்கள். அடிக்கற்றை மெலிந்தே இருக்க வேண்டும், முள் முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைபட்டால் மீன் கடித்தாலும் மாட்டாது. காதுக்குப் பின்னால் மூன்று மில்லிமீட்டர் காலியாக விடுங்கள்.

தங்கூஸ் கட்டியிருந்தால் இப்போது அதை முன்னே வளைத்துக் கட்டி, மிச்சத்தை வெட்டுங்கள். நூலைப் பேனாக் குழலின் மேல் ஒரு கண்ணியாகச் சுற்றி, குழலின் வாயை முள் காதில் பொருத்தி, கண்ணியை நழுவவிட்டு இறுக்கினால் ஒரு முடிச்சு. இப்படி நான்கு முடிச்சு போட்டு, மேலே பசை ஒரு துளி.

பேன்சீப்பால் தலையிலிருந்து வாலுக்குச் சீவுங்கள். கத்தரியைக் குறுக்கே வைத்து வெட்டக் கூடாது. இழைகளின் போக்கிலேயே, தலையிலிருந்து வாலை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, நுனியால் கொத்திக் கொத்தி எடுங்கள். கெண்டைப்பொடிக்கு ஒல்லியாக, ஜிலேபிக் குஞ்சுக்கு மேலும் கீழும் அகலம் விட்டு. மொத்த நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர் போதும்.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே முள் தண்டு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முடி அதிகம். நான் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் எல்லோரும் செய்யும் தவறு இந்த ஒன்றுதான், பார்க்க மீன் மாதிரி இருக்க வேண்டும் என்று அள்ளி அள்ளிக் கட்டுவார்கள். உண்மையான பொடிமீனின் உடல் வெயிலில் பாதி கண்ணாடி. மெலிந்த கட்டுக்குள் தண்ணீர் புகுந்து போகும்போது இழைகள் தானாக மூச்சு விடுவது போல அசையும். அடர்ந்த கட்டில் அது நடக்காது, வீசும்போதும் காற்றில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி இழுத்துப் பார்த்து, நிமிர்ந்து நீந்தினால்தான் கண் ஒட்டுங்கள்.

வீசுவது

ஃப்ளை கோல் இருந்தால் 7 அல்லது 8 எண் கோல், மிதக்கும் லைன் (ஃப்ளை கோலுக்கென்றே வரும் தடித்த நூல்), அதன் முன்னால் எட்டடி நரம்பு. நுனியில் ஓரடிக்கு 30 பவுண்டு தங்கூஸ், ஏனென்றால் விராலுக்கும் வாளைக்கும் பல் உண்டு. சாதாரண ஸ்பின்னிங் கோல்தான் இருக்கிறதா? சரி, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கனமாக்கும் பிளாஸ்டிக் தக்கையை மாட்டி, அதற்குப் பின்னால் மூன்றடி விட்டு ஃப்ளையைக் கட்டுங்கள். தக்கையின் கனம் தூரம் கொண்டுபோகும். எந்தக் கோலானாலும் காதில் முடிச்சை இறுக்காமல் சின்னக் கண்ணியாக விட்டுக் கட்டினால் ஃப்ளை தலையை ஆட்டும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீச வேண்டாம்.

எங்கே? ஊர் ஏரிகள் பல மீன் குத்தகைக்கு விடப்பட்டவை, குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மேட்டூர் அணையில் மீன்பிடிப்பு மீன்வளத்துறையின் உரிமத்தில் நடக்கிறது, அங்கே அனுமதி இல்லாமல் கோலை எடுக்காதீர்கள். காவிரியில் பூலாம்பட்டிப் பக்கம் போனாலும் உள்ளூர் மீனவர்களிடம் விசாரித்து, நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் படகுத் துறையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். ஏற்காடு ஏரி படகுச் சவாரிக்காரர்களுக்கு உரியது, அதை விட்டுவிடலாம்.

விராலுக்கு விடியற்காலை, பாசிக் கரையோரம். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், "ப்ளுக்" என்று குமிழி விட்ட இடத்துக்கு இரண்டடி தள்ளிப் போடுங்கள். ஒரு சாண் இழுத்து நிறுத்துங்கள். மூன்று எண்ணிவிட்டு மறுபடி ஒரு சாண். பெரும்பாலும் நிற்கும்போதுதான் கடிக்கும். கடித்ததும் கோலைத் தூக்குவது பழக்கம், ஃப்ளை கோலில் அப்படிச் செய்தால் முள் வாயிலிருந்து உருவிவிடும். கோலை மீனை நோக்கித் தாழ்த்தியே வைத்து, இடக்கையால் லைனை நேராக ஒரு வெட்டு இழுங்கள்.

தண்ணீரின் மேல் செக்கச்செவேலென்று பொடிக்குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால், அது விரால் பார்ப்பு. அடியில் பெற்றோர் காவல் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. ஒருமுறை நான் அந்தப் பக்கம் கையை ஓங்கியபோது கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர், "அங்க போடாத கண்ணு, தாய் நிக்குது" என்றார். அன்றிலிருந்து பார்ப்பு இருக்கும் கரையில் கோலைக்கூட நீட்டுவதில்லை. நீங்களும் வேறு கரைக்குப் போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ளையை நல்ல தண்ணீரில் அலசி, சீவி, நிழலில் காயவைத்தே டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் முள் துருப்பிடித்து வெள்ளை இழையில் கறை ஏறும். விரால் பல்லில் கலைந்த இழையைச் சீப்பு சரிசெய்துவிடும். ஒரு கண் விழுந்திருந்தால் கவலைப்படாதீர்கள், அப்படியே போட்டாலும் கடிக்கும். இரண்டும் விழுந்துவிட்டால் புதுக் கண் ஒட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வையுங்கள்.