சின்னக் குழந்தைகளோடு கடல் பூங்காவுக்கா? கொங்குப் பக்கத்துக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைக்கோ ஈரோட்டுக்கோ பக்கத்தில் கடல் கிடையாது. கடல் மீன்களைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீந்தவிட்டுக் காட்டும் பெரிய பூங்காவைக் குழந்தை பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும், அல்லது சிங்கப்பூருக்கோ அபுதாபிக்கோ விமானம் ஏற வேண்டும். அதனாலேயே நம் பக்கத்தில் இந்தப் பயணம் ஒரு விசேஷம் போல ஆகிவிடுகிறது. அம்மாயி, அப்புச்சி, சித்தி வீடு, மாமன் வீடு என்று பத்துப் பேர் கிளம்புவார்கள். கூடவே “குடுத்த காசுக்கு ஒண்ணு உடாம பாத்துப்போட்டு வரோணும்” என்ற நினைப்பும் கிளம்பும். பெரும்பாலான தவறுகளுக்கு அந்த நினைப்புதான் வேர். கூட்டத்தில் யார் ரொம்பச் சின்னவரோ அவருடைய தூக்கம், பசி, பயம் மூன்றையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு அதைச் சுற்றி நாளைக் கட்டுங்கள். பூங்காவின் வரைபடத்தைச் சுற்றிக் கட்டினால் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் கலைந்துவிடும்.

பழைய தகவலை நம்புவது

பத்து வருடம் முன்பு போய்வந்த மாமா சொன்னதை வைத்துக் குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் செந்தோசாவில் இளஞ்சிவப்பு டால்பின்களைக் காட்டிய ‘அண்டர்வாட்டர் வேர்ல்டு’ 2016 ஜூனிலேயே மூடப்பட்டது. அதன்பின் எல்லோரும் போய்க்கொண்டிருந்த ‘எஸ்.இ.ஏ. அக்வேரியம்’ கூட இப்போது அந்தப் பெயரில் இல்லை. 2025 ஜூலையில் அது மூன்று மடங்கு பெரிதாகி ‘சிங்கப்பூர் ஓஷனேரியம்’ ஆகிவிட்டது. பழைய காணொளியில் “இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்” என்று சொல்வதை இதற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று, இந்தியாவில் எங்கேயும் டால்பின் காட்சி கிடையாது. டால்பின்களை அடைத்து வைத்துக் காட்சி நடத்தும் கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2013 மே மாதம் சொல்லிவிட்டது. சென்னை ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் ‘விஜிபி மரைன் கிங்டம்’, நடந்து போகும் சுரங்கப் பாதை உள்ள மீன் காட்சியகம். அங்கே சுறாவும் திருக்கை மீனும் தலைக்கு மேல் போகும், டால்பின் வந்து பந்து தட்டாது. வீட்டிலேயே சரியாகச் சொல்லி அழைத்துப் போனால் குழந்தை சுறாவைப் பார்த்தே குதிக்கும். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் நீர்விளையாட்டுப் பூங்கா போலச் சறுக்குமரமும் அலைக்குளமும் இருக்கும் என்று நினைத்துக் கிளம்புகிறவர்களும் உண்டு. இது வேறு, அது வேறு.

போய் இறங்கிய அன்றே உள்ளே நுழைவது

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோவையில் காலை 6 மணிக்குப் புறப்படும் வந்தே பாரத் ரயிலைப் பிடிக்கக் குழந்தையை நாலரைக்கு எழுப்ப வேண்டும். பன்னிரண்டு மணி வாக்கில் சென்ட்ரலில் இறங்கி, பெட்டிகளோடு வண்டி பிடித்து, நகரத்துப் போக்குவரத்தில் நகர்ந்து ஈஞ்சம்பாக்கம் சேரும்போது மணி ஒன்றரையோ இரண்டோ ஆகிவிடும். குழந்தை மடியில் சரிந்து தூங்கும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் எழுப்பி இருட்டுக் கூடத்துக்குள் கொண்டுபோனால் அழாமல் என்ன செய்யும்? அன்றைக்கு அறையில் தூங்கவிட்டுச் சாயங்காலம் கடற்கரையைக் காட்டுங்கள். மறுநாள் காலை கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள்.

இரவு விமானத்தில் சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை ஆறரைக்கு வெளியே வந்து “நாள் முழுக்க இருக்கே” என்று தோன்றும். குழந்தையின் உடம்புக்கு அப்போது விடியற்காலை நான்கு மணி.

தேதியிலும் கவனம் வேண்டும். நம் ஊர்ப் பள்ளி விடுமுறையோடு போகிற ஊரின் விடுமுறையையும் பாருங்கள். சிங்கப்பூரில் ஜூன் மாதமும், நவம்பர் கடைசி முதல் டிசம்பர் வரையும் பள்ளி விடுமுறை. சென்னை என்றால் காணும் பொங்கலன்று ஈசிஆர் பக்கமே போக வேண்டாம். பூங்காவின் வார விடுமுறை எந்தக் கிழமை என்பதை ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டும் பொடி டப்பாவும்

பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து வருடம் செல்லும், குழந்தைகளுடையது ஐந்து வருடம்தான். பிறந்த வருடம் எடுத்தது யுகேஜி முடிவதற்குள் காலாவதியாகிவிடும். சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாதமாவது செல்லுபடி மீதம் இருக்க வேண்டும். விமானத்தில் இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் வரலாம். போகும்போது இரண்டு நிரம்பாமல், அங்கே இருக்கும்போது பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பி வரத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும்.

அமீரகம் போகிறவர்கள் பெயர்ப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். அப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு உண்டு என்று 2022 நவம்பரில் அறிவித்தார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு அப்படி இருந்தாலும் டிக்கெட் போடுவதற்கு முன்பே முகவரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாயி கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், அரைத்த பொடியில் கலந்திருந்தாலும் சிக்கல்தான். சிங்கப்பூருக்கு வெற்றிலையோடு போடும் புகையிலை கூடாது, சூயிங் கம்மும் கூடாது.

உயரத்தை வாசலில் அளக்கவிடுவது

கடல் பூங்காவோடு சேர்ந்த ரைடுகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரக் கோடு உண்டு. ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அளவுகோலுக்கு அடியில் நிறுத்தி “இல்லை” என்று சொன்னால் நான்கு வயதுக் குழந்தையைச் சமாதானப்படுத்தவே முடியாது. வீட்டிலேயே அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல் குதிகால் சுவரில் படும்படி நிறுத்துங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் மட்டமாக வைத்துச் சுவரில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பால் அளக்க வேண்டும். கொண்டையும் குடுமியும் கணக்கில் சேராது. அந்த எண்ணைப் பூங்கா இணையதளத்தில் உள்ள உயர அளவோடு ஒப்பிட்டு, குழந்தை ஏறக்கூடியவற்றை மட்டும் பேசுங்கள். ஏறமுடியாத ரைடின் பெயரை அண்ணனும் அக்காவும் குழந்தை முன் சொல்லாமல் இருப்பது நல்லது.

நனைந்த உடையோடு ஏசிக்குள்

இதில் திருப்பூர்க்காரர்களுக்குத்தான் வருத்தமாக இருக்கும். நூறு சதவீதப் பருத்தி பனியன் வெயிலுக்குத் தங்கம், நனைந்துவிட்டால் அப்படி இல்லை. பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் காயாது. காட்சி அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து நனைந்த குழந்தையை அப்படியே மீன் கூடத்துக்குள் அழைத்துப் போனால் பத்து நிமிடத்தில் உதடு நடுங்கும். சின்ன உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் சூடு வேகமாக இறங்கிவிடுகிறது. ஜீன்ஸ் இன்னும் மோசம்.

குழந்தைக்கு இரண்டு ஜோடி மாற்றுடை, ஒரு மெல்லிய துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. இவை லாக்கரில் இருந்தால் பயனில்லை, கைப்பையில் இருக்க வேண்டும். முன்வரிசை ஆசை இருந்தால் மீன் கூடத்தை முதலில் முடித்துவிட்டு நனையும் இடத்தைக் கடைசியில் வையுங்கள். தண்ணீர் விளையாட்டுப் பகுதியில் சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி உப்பித் தொங்கும், நீச்சல் டயப்பர்தான் வேண்டும். நீச்சல் உடையைப் பளிச்சென்ற ஆரஞ்சிலோ ரோஸிலோ வாங்குங்கள். வெளிர் நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது.

சாப்பாடும் ஓஆர்எஸ்ஸும்

வெளிச் சாப்பாட்டைப் பல பூங்காக்கள் விடுவதில்லை, கைக்குழந்தை உணவைப் பெரும்பாலும் விடுவார்கள். முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பழகிய அரிசிம்பருப்பு சாதம் மாதிரி ஒன்றை நுழைவதற்கு முன்பே வயிறாரக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. காலையில் பிசைந்த தயிர் சாதத்தை வெயிலில் சுமந்து மதியம் ஊட்டாதீர்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொடியைக் கலக்குவதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. பாக்கெட்டில் கொஞ்சம் பிரித்துக் குழந்தையின் சிறு பாட்டிலில் கொட்டிக் குலுக்குவார்கள். உலகச் சுகாதார நிறுவன அளவிலான பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. கண்ணளவாகப் பிரித்தால் உப்பு கூடிவிடும், அது குழந்தைக்கு ஆபத்து. குறைந்தாலும் பலனில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாங்கி, முழுப் பாக்கெட்டையும் அதில் போட்டுக் கலக்குங்கள். சர்க்கரை, ஜூஸ் எதுவும் சேர்க்க வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு ஸ்பூனால் மெதுவாகக் கொடுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் பூங்காவை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இருட்டுக் கூடத்தில்

மீன் கூடங்கள் இருட்டாகத்தான் இருக்கும். தட்டையான அக்ரிலிக் சுவருக்குப் பின்னால் வரும் சுறா, ஒளிவிலகலால் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தெரியும். குழந்தைக்கு அது முகத்துக்கு நேராக வருவது போலத்தான். பயந்தால் தூக்கிக் கண்ணாடியருகே காட்டி “பாரு சாமி, ஒண்ணும் பண்ணாது” என்று பழக்க முயல்வது பயத்தைக் கூட்டும். பின்னால் வந்து சின்ன மீன் தொட்டி ஒன்றின் முன் உட்காரவைத்து, கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு குழந்தையே இழுத்துக்கொண்டு போகும்.

கண்ணாடியைத் தட்டக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது. எலும்புள்ள மீன்களுக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. படத்திலும் வெள்ளைப் புள்ளிதான் விழும். ஃபிளாஷை அணைத்து, போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுத்தால் படம் நன்றாக வரும்.

தொட்டுப் பார்க்கும் குளத்தில் இறங்கும் முன் குழந்தையின் கையில் உள்ள சன்ஸ்க்ரீனைக் கழுவி, வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். இரண்டு விரலால் மெல்ல வருடச் சொல்லிக் கொடுங்கள், வீட்டில் வாழைப்பழத் தோலில் பழக்கலாம். நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் தின்பண்டம்.

பத்துப் பேர் இருந்தும் குழந்தையைக் காணோம்

குழந்தை தொலைவது பெரிய கூட்டத்தோடு போகும்போதுதான். அம்மா அம்மாயியிடம் இருப்பதாக நினைப்பார், அம்மாயி மாமனிடம் இருப்பதாக நினைப்பார். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று காலையிலேயே பிரித்துவிடுங்கள். கழிப்பறைக்குப் போனால்கூட “இனி நீ பாத்துக்கோ” என்று சொல்லி, “சரி, நான் பாத்துக்கறேன்” என்று பதில் வாங்கிய பிறகுதான் நகர வேண்டும்.

“உங்கப்பா பேரென்ன?” என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை “அப்பா” என்றுதான் சொல்லும். பெற்றோரின் பெயரைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சொல்லிப் பழக்குங்கள். போன் எண்ணை மைப் பேனாவில் எழுதினால் தண்ணீரில் அழிந்துவிடும். பர்மனென்ட் மார்க்கரில் உடையின் உள்பக்கம் எழுதுங்கள், வெளிநாடு என்றால் +91 சேர்த்து. கிளம்பும்போது அன்றைய உடையோடு ஒரு முழுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்பது பெற்ற தாய்க்கே நினைவுக்கு வராது. காணோம் என்றால் முதலில் சுற்றியுள்ள தண்ணீரைப் பாருங்கள், கடைகளை அப்புறம் தேடலாம். கூடவே ஒருவர் ஊழியரிடம் ஓட வேண்டும்.

திரும்பும் ரயில்

சென்னையிலிருந்து இரவு ரயிலில் திரும்புவதாக இருந்தால், சாயங்கால நெரிசலை நினைத்து ரயில் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பே ஈசிஆரை விட்டுக் கிளம்புங்கள். முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை, ஆனால் படுக்கையும் கிடைக்காது. நாள் முழுக்க நடந்து களைத்த நான்கு வயதுக் குழந்தையையும் அம்மாவையும் ஒரே படுக்கையில் போட்டால் இரண்டு பேருக்கும் தூக்கம் வராது. முழுக் கட்டணம் கட்டித் தனிப் படுக்கை எடுத்துவிடுங்கள், முடிந்தால் கீழ்ப் படுக்கையாக.