டைமிங் செயின் கைடு மாற்றுவது எப்படி: துண்டு துண்டாய்ப் பொறுக்கி எடுக்கிற வேலை

காலையில் முதல் ஸ்டார்ட் அடிக்கும்போது பெல்ட் பக்கத்து மூடிக்குள் இருந்து, தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு கடகடப்பு வரும். இரண்டு நொடியில் அடங்கிவிடும். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரை ஓட்டிவிட்டு, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்தால் கேட்காது. இதை டேப்பட் (வால்வைத் தள்ளுகிற பகுதி) சத்தம் என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் அதிகம். டேப்பட் சத்தம் மேலே, சீராக, டிக் டிக்கென்று வரும். பிஸ்டனுக்கு ஏற்ற நேரத்தில் வால்வைத் திறந்து மூட வைக்கிற டைமிங் செயினின் சத்தத்துக்கு ஒழுங்கு கிடையாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டைமிங் கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுகூடத் தெரியும். ஓடுகிற பெல்ட்டுக்குத் துண்டையும் சட்டைக் கையையும் காட்டிவிடாதீர்கள்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0016 காட்டினால் கிராங்கும் (பிஸ்டன் சுற்றுகிற தண்டு) கேமும் (வால்வைத் திறக்கிற தண்டு) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். செயின் நீண்டிருக்கலாம், ஒரு பல் தாவியிருக்கலாம். அதற்குப் பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் டைமிங் தப்பினால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அப்புறம் செலவு கைடோடு நிற்காது, ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

இங்கே சொல்வது சுசுகி கே சீரீஸ், ஹூண்டாய் கப்பா போன்ற, செயின் போட்ட சிறிய ட்வின் கேம் பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பொதுவான முறை. 1.3 மல்ட்டிஜெட் டீசலிலும் செயின்தான், ஆனால் கிராங்கையும் கேமையும் பூட்டும் கருவி கையில் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது.

கைடு ஏன் உடைகிறது

கைடு என்பது செயினுக்கு வழிகாட்டுகிற நைலான் பட்டை. கிராங்க் செயினை இழுக்கிற இறுக்கமான பக்கத்தில் அசையாத கைடு இருக்கும். தளர்வான பக்கத்தில், ஆயில் அழுத்தத்தால் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் தள்ளும் வளைந்த ஆர்ம் இருக்கும். செயின் இவற்றின் மேல் நேராக உரசுவதில்லை, நடுவில் ஆயில் படலம் உண்டு. ஆயில் குறைந்தாலோ கசடாகிவிட்டாலோ படலம் போய்விடும், டென்ஷனருக்கும் அழுத்தம் கிடைக்காது. செயின் தளர்ந்து கைடை அடிக்கும். சூட்டில் பழுத்துப் பழுப்பேறிய நைலான் அந்த அடியில் விள்ளலாய் உடையும்.

ஆகவே கைடு தானாகக் கெடுவது அபூர்வம். காரணத்தைப் பார்க்காமல் கைடை மட்டும் மாற்றினால் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும். வீட்டுக்கும் கடைக்குமாய் நாலு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை, ஈரம் உள்ளேயே தங்கிக் கசடு கட்டும். கிலோமீட்டர் கணக்கு பத்தாயிரத்தைத் தொடவில்லை என்று இரண்டு வருடம் ஆயில் மாற்றாத வண்டிகளில்தான் இந்தக் கோளாறை அதிகம் பார்க்கலாம். நாள்தோறும் நான்கு வழிச்சாலையில் நாகர்கோவில் போய்வருகிற வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

வாங்க வேண்டியவை

கடையில் “அண்ணாச்சி, ஒரு கைடு” என்று கேட்காதீர்கள். செயின், கைடு, ஆர்ம், டென்ஷனர் எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். கூடவே கிராங்க் முன் சீல், டேப்பட் கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர், டிரெயின் வாஷர், கேஸ்கெட் பேஸ்ட் ஒரு டியூப், மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில். கழற்றிய கிராங்க் போல்ட்டை மறுபடி போடலாமா என்பதையும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், சில எஞ்சினில் புதிதுதான் போட வேண்டும். கிட் ஊரில் இல்லாமல் மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வரவேண்டியிருந்தால், அது வந்து, எஞ்சின் நம்பரோடு சரிபார்த்த பிறகே முதல் போல்ட்டைத் தொடுங்கள். எஞ்சினைத் திறந்துபோட்டுவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்கும் நாட்களில் தூசி உள்ளே குடியேறிவிடும்.

ஆனி, ஆடிக் காற்றில் திறந்த வெளியில் இந்த வேலை வேண்டாம். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலையைச் சுழற்றுகிற அதே காற்றுதான், திசையன்விளைப் பக்கம் தேரி மணலையும் கிளப்பும். ஷட்டருக்குள் வண்டியை ஏற்றி, எஞ்சினை முதலில் கழுவிக் காயவைத்து, அதன் பிறகு திறங்கள்.

திறப்பது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வலது முன் சக்கரத்தை எடுத்து வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில், மெல்லிய துணி வழியாக வடியுங்கள். வெள்ளை, கறுப்பு, பழுப்பு என எந்த நிறத்தில் சில்லு விழுந்தாலும் எடுத்து வையுங்கள்.

ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டால் கிராங்கைக் கையால் சுற்றுவது எளிது. பெல்ட், வாட்டர் பம்ப் புல்லி, தேவைப்பட்டால் ஆல்டர்னேட்டர் ஆகியவற்றை எடுங்கள். ஏ.சி. கம்ப்ரசர் குறுக்கே வந்தால் கேஸ் லைனைப் பிரிக்காமல் அப்படியே ஓரமாகக் கட்டிவையுங்கள். வலப்பக்க எஞ்சின் மவுண்ட் டைமிங் கவர் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றுமுன் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் பலகை வைத்து, ஜாக்கியால் எஞ்சினைத் தாங்குங்கள். பலகை இல்லாவிட்டால் சம்ப் நசுங்கி, உள்ளே ஆயிலை வடிகட்டி உறிஞ்சுகிற ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

டேப்பட் கவரைத் திறந்து, கிராங்கை அது ஓடும் திசையிலேயே சுற்றி, முதல் சிலிண்டரை டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் திருப்பினால் இறுக்கமான பக்கம் தளர்ந்து, தேய்ந்த செயின் பல் தாவும். கேம் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) உள்ள குறிகள் மேனுவலில் காட்டியபடி நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்காவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்றுதான்.

கிராங்க் போல்ட்தான் ஆளைச் சோதிக்கும். புல்லி ஹோல்டரோ ஃப்ளைவீல் லாக்கோ போட்டு, நீளமான பாரால் தளர்த்துங்கள். பாரைத் தரையில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டுகிற குறுக்குவழி இங்கே பல ஒர்க்‌ஷாப்பில் உண்டு. பார் தெறித்தால் கை போகும், தெறிக்காவிட்டாலும் கிராங்க் அசைந்து நீங்கள் நிறுத்திய டி.டி.சி. போய்விடும். புல்லியை நெம்பாமல் புல்லர் போட்டு இழுங்கள்.

டைமிங் கவர் போல்ட்கள் ஒரே நீளம் அல்ல. அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டுப் போல்ட்டைக் குத்திவையுங்கள். நீளமான போல்ட் குட்டையான துளையில் ஏறினால் அலுமினியம் விரிசல் விடும். பேஸ்ட் ஒட்டியிருப்பதால் கவர் லேசில் வராது. அதற்கென்று விட்டிருக்கிற நெம்பு இடத்தில் மட்டும் நெம்புங்கள். முகப்பில் கோடு விழுந்தால் ஆயில் கசியும்.

துண்டுகளின் கணக்கு

உடைந்த கைடை வெளியே எடுத்ததும், துண்டுகளைப் புதிய கைடுக்குப் பக்கத்தில் அடுக்கி, முழு வடிவம் வருகிறதா பாருங்கள். ஒரு விள்ளல் குறைந்தாலும் அது சம்ப்பில்தான் கிடக்கும். நைலான் ஆயிலைவிடக் கனம், அடியில் போய்ப் படியும்; பெரிய துண்டு டிரெயின் துளை வழியாக வராது. காந்தத்தை விட்டுத் துழாவினால் இரும்புத் தூள் ஒட்டும், நைலான் ஒட்டாது. சம்ப்பை இறக்கியே ஆக வேண்டும்.

சம்ப்பை இறக்கியதும் ஸ்ட்ரெய்னர் வலையை டார்ச் அடித்துப் பாருங்கள். நகக்கண் அளவு நைலான் நாலைந்து, கசடோடு அப்பிக்கிடந்தால், புதிய கைடு போட்டும் ஆயில் அழுத்தம் வராது. வண்டி கொஞ்சம் ஓடியதும் பேரிங் பிடித்துவிடும். கைடு மாற்றிய எஞ்சின் ஒரு மாதத்தில் சீஸ் ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த வலையை. ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவி, குழாய்க்குள்ளும் காற்றடியுங்கள். எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஓடவிடும் பழக்கம் வேண்டாம், அது இளக்கிவிடுகிற கசடு நேராக வலைக்குத்தான் போகும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

செயினை எடுக்குமுன், அது ஸ்ப்ராக்கெட்டில் நிற்கும் இடங்களில் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டு, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஷனர் பிளஞ்சரை (ஆர்மைத் தள்ளுகிற தண்டு) மெதுவாக உள்ளே அழுத்தி, அதன் துளையில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கம்பியைச் சொருகிப் பூட்டுங்கள். டென்ஷனர், ஆர்ம், செயின், கைடு என்ற வரிசையில் எடுங்கள். செயின் இல்லாத நேரத்தில் வால்வு ஸ்ப்ரிங் கேமைத் துள்ள வைக்கலாம். அப்போது கிராங்கையும் கேமையும் சும்மா திருப்பிப் பார்க்காதீர்கள், வால்வு வளையும்.

பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டால் நீளம் தெரிந்துவிடும். படுக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் தேய்ந்த செயின் அதிகமாய்த் தொய்யும். ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி போல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். செயினுக்கு ஆயில் தெளிக்கிற சின்னத் துளையையும் டென்ஷனருக்கு ஆயில் வரும் துளையையும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். காட்டன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். நூல் போய்த் துளையில் நிற்கும்.

புதிய கைடில் ஆயில் தடவி மாட்டுங்கள். கைடு போல்ட் பெரும்பாலும் எம்6 தான், சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். சரியான அளவுக்கு மேனுவல். “இன்னும் ஒரு பிடி” என்று இழுத்தால் அலுமினியத்தில் மரை போய்விடும், அப்புறம் ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போட லேத்துக்கு அலைய வேண்டும். செயினில் நிறம் பூசிய கண்ணிகளை மூன்று ஸ்ப்ராக்கெட் குறிகளோடும் பொருத்தி, ஆர்மையும் டென்ஷனரையும் மாட்டி, எல்லாம் சரியென்ற பிறகே கம்பியை உருவுங்கள். உருவ மறந்து கவரை மூடுகிறவர்களும் உண்டு.

இப்போது கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கெட்டியாக எங்காவது முட்டினால் நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம். பிஸ்டன் வால்வைத் தொடுகிறது. சுற்றி முடித்ததும் ஸ்ப்ராக்கெட் குறிகள் பழைய இடத்துக்கு வரும், ஆனால் நிறக் கண்ணிகள் வராது. அவை மறுபடி பொருந்தப் பல சுற்று ஆகும். இதைத் தெரியாமல் தப்பாகிவிட்டது என்று மறுபடி பிரிப்பவர்கள் நிறைய.

முகப்புகளைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, மூன்று மில்லிமீட்டர் தடிமனில் பேஸ்ட் இழுங்கள். ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் கூடுதலாக ஒரு சொட்டு. கசிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். மற்ற இடத்தில் தாராளம் காட்டினால் பிதுங்கி உள்ளே விழுந்து ஸ்ட்ரெய்னருக்குப் போகும். டியூபில் போட்டிருக்கும் காய்கிற நேரம் முடிந்த பிறகு ஆயில் ஊற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஐந்தாறு நொடியாக இரண்டு மூன்று முறை செல்ஃப் அடியுங்கள். டென்ஷனரில் ஆயில் ஏறட்டும். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது ஓரிரு நொடி கடகடத்து அடங்கினால் சரி. ஆயில் விளக்கு அணையாவிட்டாலோ சத்தம் தொடர்ந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். நைலான் சில்லு ஒன்றாவது தென்பட்டால், சம்ப்பை இன்னொரு முறை இறக்குங்கள்.