இழுத்துக் கட்டும் துணிக்கூரை: யாழ்ப்பாணத்து முற்றத்துக்கு ஒரு கணக்கு

பாடசாலை முற்றத்துக்கும் மண்டபத்து வாகனத் தரிப்பிடத்துக்கும் துணிக்கூரை போடும்போது நடக்கும் பெரிய பிழை, நான்கு மூலைகளையும் ஒரே உயரத்தில் கட்டுவது. தட்டையான துணியை எவ்வளவு இறுக்கினாலும் அது காற்றில் உப்பும், மழையில் தொங்கும். தொங்கிய இடத்தில் நீர் தேங்கும், தேங்கிய நீர் துணியை இன்னும் கீழே இழுக்கும். 2 சதுர மீற்றர் இடத்தில் 10 சென்ரிமீற்றர் நீர் நின்றாலே 200 கிலோ.

இரண்டு மூலைகள் உயர்ந்தும், அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு மூலைகள் தாழ்ந்தும் இருக்கவேண்டும். உயர்ந்த மூலைகளை இணைக்கும் கோடு நடுவில் தொய்ந்து நிற்கும். மழைப் பாரத்தைச் சுமப்பது அது. தாழ்ந்த மூலைகளை இணைக்கும் கோடு நடுவில் மேடுகட்டி நிற்கும். கூரையைப் பிடுங்க வரும் காற்றை மறிப்பது இது. 1972 மியூனிக் ஒலிம்பிக் கூரையில் பெரும்பங்கு வகித்த ஃபிரை ஒற்றோ இத்தகைய வடிவங்களைச் சவர்க்காரப் படலத்தில் தேடினார். அதை வீட்டிலும் செய்யலாம். நான்கு கம்பி நுனிகளை ஏற்ற இறக்கமாக நிறுத்தி, ஓரங்களில் தளர்வாக நூல் கட்டி, சவர்க்கார நீரில் தோய்த்தெடுங்கள். படலம் நூலை உள்ளே இழுத்து வளைக்கும். உங்கள் கூரையின் ஓரமும் அப்படித்தான் வளையவேண்டும்.

இனி 6 மீற்றர் சதுரம் ஒன்றை எடுப்போம். உயர்ந்த மூலைகள் 4.5 மீற்றர், தாழ்ந்தவை 2.5 மீற்றர். ஒவ்வொரு ஓரமும் நடுவில் 60 சென்ரிமீற்றர் உள்வளைய வேண்டும், அதாவது நீளத்தில் பத்திலொன்று. இதனால் 36 சதுர மீற்றர் நிழல் ஏறத்தாழ 26 ஆகக் குறையும். முழு முற்றத்துக்கும் நிழல் வேண்டுமானால் தூண்களைத் தள்ளி நடுங்கள். ஓரத்தை நேராக வெட்டாதீர்கள். நேர் ஓரத்தை அதில் கோத்த எந்த வடத்தாலும் இறுக்க முடியாது, அது படபடத்தே கிழியும்.

எந்த மூலை எங்கே? சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுவதால் எங்கள் பலத்த காற்றுகள் இரண்டும் ஒரே மூலைவிட்டத்தில் வருகின்றன. தாழ்ந்த இரு மூலைகளையும் அந்தக் கோட்டிலேயே வையுங்கள். உயர்ந்த மூலை காற்றைப் பார்த்து நின்றால் காற்று உள்ளே நுழைந்து கூரையைத் தூக்கும். வடமேற்கு மூலை உயர்வதால் பின்னேர வெயில் அடியால் வரும். அந்தப் பக்கம் கிடுகுத் தட்டி போதும். மழைநீர் முழுவதும் தாழ்ந்த மூலைகளில் கொட்டும் என்பதால் அங்கே சல்லிக்குழி தேவை.

அடுத்தது விசை. பிவிசி பூசிய பொலியெஸ்டர் துணிக்கு மீற்றருக்கு 1 கிலோநியூட்டன் முன்னிழுவை (கட்டும்போதே கொடுக்கும் இழுவை) வைத்தால், ஓரவடத்தில் ஏறத்தாழ 8 கிலோநியூட்டன் வரும். இரண்டு வடங்கள் கூடும் மூலையில் அது 15 கிலோநியூட்டன், ஒன்றரைத் தொன். காற்றே இல்லாத நாளின் கணக்கு இது. தனியே நிற்கும் 4.5 மீற்றர்த் தூணின் அடியில் இது தரும் வளைவுத் திருப்பம் 67 கிலோநியூட்டன் மீற்றர் வரை போகும். சாதாரண இரும்புக் குழாய் மடியும். எனவே ஒவ்வொரு தூணுக்கும் வெளிப்பக்கமாக 45 பாகையில் இழுகம்பி கட்டவேண்டும். அந்தக் கம்பி தன் அத்திவாரத்தை 15 கிலோநியூட்டனால் மேலே பிடுங்கும். செக்கனுக்கு 30 மீற்றர் காற்று சதுர மீற்றருக்கு 0.55 கிலோநியூட்டன் அழுத்தம் தரும். 26 சதுர மீற்றருக்கு அது இன்னொரு ஒன்றரைத் தொன் தூக்குவிசை. அப்போது வடத்தின் இழுவை இருமடங்குக்கும் மேல் ஏறலாம். அந்த இறுதிக் கணக்கைப் பொறியியலாளரிடம் விடுங்கள், மேசனிடம் அல்ல.

அத்திவாரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கன மீற்றர் கொங்கிறீற் 2.4 தொன். கார்த்திகை மாரியில் நிலத்தடி நீர் ஏறி அதை மூடினால் பிடித்து வைக்கும் பாரம் 1.4 தொன்னாகிவிடும். கிணற்றில் மாரிகாலத்து நீர்மட்டத்தைப் பார்த்துக் குழியின் அளவைத் தீர்மானியுங்கள். வலிகாமத்துச் சுண்ணாம்புக் கல்லில் துளைத்து நங்கூரக் கம்பி இறக்கலாம், ஆனால் அந்தக் கல்லுக்குள் பொந்துகள் உண்டு. ஒவ்வொரு நங்கூரத்தையும் இழுத்துச் சோதித்த பிறகே துணியைக் கட்டுங்கள்.

துணி வாங்கும்போது சதுர மீற்றருக்கு 650 முதல் 750 கிராம் வரையிலான பூச்சுத் துணி இந்த அளவுக்குப் போதும். கடைத் தரப்பாள் வேண்டாம். மழை மறிக்கத் தேவையில்லை என்றால் பின்னப்பட்ட நிழல்வலை நல்லது, சூடான காற்று மேலே வெளியேறும். இழுத்தால் துணி நீளும் என்பதால் வெட்டும்போதே சிறிதாக வெட்டவேண்டும். 1 வீதம் என்றாலே 6 மீற்றருக்கு 6 சென்ரிமீற்றர். பாவும் ஊடையும் ஒரே அளவில் நீளமாட்டா, ஆகவே அந்தச் சுருளுக்குரிய ஈரச்சு இழுவைச் சோதனைத் (இரு திசையிலும் ஒரேநேரம் இழுத்துப் பார்க்கும் சோதனை) தாளைக் கேளுங்கள். பிராங்க்பேட்டில் இரண்டு ஆண்டுக்கொருமுறை நடக்கும் டெக்டெக்ஸ்டில் என்ற தொழில்நுட்பத் துணிக் கண்காட்சிக்கோ, மும்பையில் நடக்கும் அதன் இந்தியப் பதிப்புக்கோ போகிறவர்கள் பளபளப்பான மாதிரிகளை விட்டுவிட்டு இந்தத் தாளையும் ஒட்டிய மூட்டுத் துண்டொன்றையும் வாங்கி வரவேண்டும். முற்றவெளி வர்த்தகக் கண்காட்சிக்குப் போனாலும் கூடாரங்களின் மூலைகளைப் பாருங்கள், நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

மூட்டைச் சூடாக்கி 4 சென்ரிமீற்றர் மேலேற்றி ஒட்டவேண்டும். மாதிரித் துண்டைக் கையால் உரித்துப் பாருங்கள்: பூச்சு கழன்று நூல் தெரிந்தால் ஒட்டு நல்லது; இரண்டு முகமும் வழவழப்பாகப் பிரிந்தால் சூடு போதவில்லை.

உப்புக்காற்றுக்கு 316 தரத் துருப்பிடியா உருக்கு வடமும் ஷக்கிளும் வேண்டும். கல்வனைஸ் தட்டில் அதை நேரடியாகத் தொடவிட்டால் தட்டு அரிக்கும், இடையில் நைலோன் வளையம் போடுங்கள். திருகு மரைகளுக்குக் கிறீஸ் பூசாவிட்டால் இறுக்கும் போதே பூட்டிக்கொள்ளும்.

கட்டுவதற்கு மாசி, பங்குனி மாதக் காலைகள் நல்லவை. நான்கு மூலைகளையும் தளர்வாகக் கொழுவி, எதிரெதிர் மூலைகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கி முடித்து அடுத்ததற்குப் போனால் சுருக்கம் போகாது. துணி பிறகும் தொய்யும் என்பதால் மூலையை இறுக்கும் ஒவ்வொரு திருகிலும் 15 சென்ரிமீற்றர் ஓட்டம் மிச்சமிருக்கட்டும். சில கிழமைகளில் மீண்டும் இறுக்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் காற்று எழுமுன் முழுத் துணியையும் இறக்குங்கள். ஒரு மூலையை மட்டும் அவிழ்த்து விட்டால் அது அடித்து அடித்து மற்ற மூன்றையும் பிடுங்கும்.